மழைக்கு முன்னே வரும் செய்தி

(நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழுப் பிரதிநிதிகள் மூவர் சேர்ந்து பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் தெரிந்துகொள்ள இங்கே தருகிறோம். உங்கள் குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இனி வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இருக்கும். எங்களுக்கும் இருக்கிறது. ஆனாலும் அரைமணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பேசப்போவது பணத்தைப் பற்றி அல்ல, உயிரைப் பற்றி.

போன வருடம் புரட்டாசியில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். தீபாவளி வேலை மும்முரம். நாங்கள் மூன்று பேரும் ஒரே ஆலையில்தான் வேலை பார்த்தோம். வெளியே மேடையில் சரக்குக் காய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணி இருக்கும், மேற்கே மலைப்பக்கம் கறுத்து வந்தது. தூரத்தில் இடி உறுமியது. "இந்தத் தட்டை மட்டும் முடிச்சிட்டு எந்திரிங்கம்மா" என்றார் போர்மேன். அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். எங்களுக்கும் எழுந்திருக்க மனசு வரவில்லை. முடித்த எண்ணிக்கைக்குத்தானே கூலி? எழுந்தால் அன்றைக்கு நூறு, நூற்றைம்பது போய்விடும். உட்கார்ந்தே இருந்தோம்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் வேலி ஓரத்துப் பனைமரத்தில் மின்னல் இறங்கியது. மரம் உச்சியிலிருந்து எரிந்தது. எல்லோரும் போட்டது போட்டபடி ஓடினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மின்னல் ஐம்பது அடி தள்சி இறங்கியிருந்தால் இன்றைக்கு இங்கே நின்று பேச நாங்கள் இருந்திருக்க மாட்டோம்.

வாசலுக்கு வந்து பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தோம். ஒரு குறுஞ்செய்தி வந்து கிடந்தது. "அடுத்த 3 மணி நேரத்தில் விருதுநகர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்ய வாய்ப்பு." வந்த நேரம் 2.40. மின்னல் இறங்கியது நாலு மணிக்கு மேல்.

ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அது நம் பாதுகாப்புக்காக வைத்த விதி, அதில் தப்பே இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றேகால் மணி நேரம் முன்னாடியே வந்து, வாசலில் ஒரு துணிப்பைக்குள் கிடந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

மழை வரப்போவது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எங்களுக்குள் ஒரு கேள்வி. மாவட்டத்தில் நடந்த பேரிடர் பயிற்சிக்குப் போனபோது அங்கே வந்தவர்களைக் கேட்டோம், பிறகு தேடியும் படித்தோம். தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்கிறோம்.

கிணற்றில் கூப்பிட்டால் குரல் திரும்பும்

சின்ன வயதில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "ஏய்" என்று கத்தியிருக்கிறோம் அல்லவா? அந்தக் குரல் தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும். ஆழக் கிணறு என்றால் கொஞ்சம் தாமதமாக வரும். ரேடாரும் இதைத்தான் செய்கிறது. குரலுக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்புகிறது.

உயரமான கட்டடத்தின் மேல் பெரிய வெள்ளைப் பந்து போல ஒரு கூண்டு இருக்கும். அதற்குள்ளே வீட்டு மாடி டிஷ் மாதிரி, ஆனால் ஒரு அறை அகலத்துக்கு ஒரு டிஷ் சுற்றிக்கொண்டே இருக்கும். அது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் அலையை அனுப்பும். பிறகு பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். மறுபடி அனுப்பும், மறுபடி கேட்கும். ஒரு மணி நேரம் வேலை செய்தால் அது அலை அனுப்பும் நேரம் மொத்தமே சில நொடிகள்தான். மீதி நேரம் முழுவதும் கேட்பதுதான் அதன் வேலை. நம் குழுக் கூட்டத்திலும் இப்படிப் பேசுவது கொஞ்சமாகவும் கேட்பது அதிகமாகவும் இருந்தால் எவ்வளவு நல்லது!

அந்த அலை ஒரு நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும். 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மழைமேகத்தில் பட்டுத் திரும்ப, ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரம் போதும். திரும்பிய நேரத்தைக் கணக்குப் போட்டால் மேகம் எவ்வளவு தூரம் என்று தெரியும். டிஷ் எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அதுதான் திசை.

எதிரொலி எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வைத்து மழையின் பலமும் தெரியும். ஒரு மழைத்துளி இரண்டு மடங்கு பருமனானால் அது திருப்பி அனுப்பும் எதிரொலி இரண்டு மடங்கு ஆகாது, 64 மடங்கு ஆகும். அதனால்தான் தூறலும் கொட்டும் மழையும் ரேடாருக்குத் தனித்தனியாகத் தெரிகின்றன. டி.வி.யில் காட்டும் படத்தில் நீலம், பச்சை என்றால் லேசான மழை. மஞ்சள், சிவப்பு என்று ஏற ஏற மழை பலம். டிஷ் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நிமிர்ந்து நிமிர்ந்து சுற்றுவதால் மேகம் எவ்வளவு உயரம் என்பதும் தெரியும். இப்படி ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வானத்தை முழுசாகப் பார்த்து முடிக்கும். அடுத்தடுத்த படங்களைச் சேர்த்துப் பார்த்தால் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு நேரத்தில் எங்கே வரும் என்று சொல்லலாம். நமக்கு வந்த மூன்று மணி நேரச் செய்தியின் அடிப்படை இதுதான்.

ரயில் சத்தம் சொல்லித்தரும் பாடம்

சிவகாசி ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இது தெரியும். செங்கோட்டை ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் கீச்சென்று கேட்கும். நம்மைத் தாண்டிப் போனதும் அதே ஹாரன் கம்மிய குரலில் கேட்கும். இதற்குக் காரணத்தை 1842இல் டாப்ளர் என்ற விஞ்ஞானி விளக்கினார். மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையும் அப்படித்தான் மாறும். துளி ரேடாரை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, என்ன வேகம் என்பதை அந்த மாற்றம் காட்டிக்கொடுக்கும். துளியைத் தள்ளுவது காற்றுதானே? ஆக, மேகத்துக்குள் அடிக்கும் காற்றின் வேகமும் தெரிந்துவிடும். இப்படிப்பட்டதற்கு டாப்ளர் ரேடார் என்று பெயர். நம் நாட்டு வானிலைத் துறை அமைத்த முதல் டாப்ளர் ரேடார் 2002இல் சென்னைத் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் மேல் வந்தது. இன்றைக்கு நாடு முழுவதும் 40க்கும் மேல் இருக்கின்றன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரேடாரை உருவாக்கியவர்களில் முக்கியமான ராபர்ட் வாட்சன்-வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் முதலில் வானிலைத் துறையில் வேலை பார்த்தவர். பழைய ரேடியோவில் பாட்டுக் கேட்கும்போது மின்னல் வெட்டினால் கரகர என்று சத்தம் வருமே, அதை வைத்து இடிமேகம் எங்கே இருக்கிறது என்று விமானிகளுக்குச் சொல்ல முடியுமா என்று பார்த்தவர். 1935இல் ரேடியோ அலையால் விமானத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார். பிறகு இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தைத் தேடிய திரைகளில் மழையும் வந்து மறைத்தது. படைக்காரர்களுக்குத் தொந்தரவாக இருந்த அந்த மழைப் புள்ளிகள்தான் இன்றைக்கு நம் உயிரைக் காக்கின்றன.

தனுஷ்கோடியும் ஒடிசாவும்

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனதை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். பாம்பனிலிருந்து போன ரயிலை அப்படியே கடல் வாரிக்கொண்டது. அதில் இருந்த நூறு பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். அப்போது நம் நாட்டுக் கடற்கரையில் புயலைப் பார்க்கும் ரேடார் ஒன்றுகூட இல்லை. முதல் புயல் ரேடார் 1970இல்தான் விசாகப்பட்டினத்தில் வந்தது.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, சுருண்டு சுழலும் மேகமும் நடுவே கண்ணும் ரேடார் படத்தில் தெரிந்தன. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியும் முன் வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியபோது காரைக்கால் ரேடார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒடிசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 அக்டோபரில் வந்த பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் என்ற கடும்புயல் அதே மாநிலத்தைத் தாக்கியது. முன்கூட்டியே ஏறக்குறைய பத்து லட்சம் பேரை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். இறந்தவர்கள் ஐம்பதைத் தாண்டவில்லை. ரேடார் மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. துணைக்கோள் இருந்தது, கணினி இருந்தது, புயல் காப்பகங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, கதவு கதவாகத் தட்டி "எந்திரிங்க, கிளம்புங்க" என்று சொன்ன மனிதர்கள் இருந்தார்கள். கடைசி வேலை எப்போதும் மனிதர் செய்வதுதான்.

நம் ஊருக்கு ரேடார் எங்கே?

வெம்பக்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் ரேடார் நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர். கிட்டத்தில்தான். ஆனால் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ரேடியோ அலை மலையைத் துளைத்து வராது. உச்சிக்கு மேலே எட்டிப் பார்ப்பதுதான் அதனால் முடியும். காரைக்கால் ரேடாருக்கு மலை குறுக்கே இல்லை, ஆனால் தூரம் 280 கிலோமீட்டருக்கு மேல். பூமி உருண்டை, அலையோ ஏறக்குறைய நேராகப் போகும். அதனால் காரைக்காலிலிருந்து வரும் அலை நம் ஊர் வானத்துக்கு வரும்போது தரையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேலே போயிருக்கும். உயரமாக வளர்ந்த இடிமேகத்தின் தலை தெரியும். கீழே நடப்பது சரியாகத் தெரியாது. சென்னை ரேடாரோ 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. நம் மாவட்டத்திலும் மழை கொட்டியது. தென்மாவட்டங்களுக்குப் பக்கத்திலேயே ரேடார் வேண்டும் என்ற பேச்சு இதனால்தான் பலமாக இருக்கிறது. ராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் ரேடார் அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. ராமநாதபுரத்தில் ரேடார் வேலை செய்தால் நம் கரிசல்காட்டு வானம் இன்னும் தெளிவாகத் தெரியும். கிராமசபையில் ரோடு, தண்ணீர் கேட்பது மாதிரி இதையும் நாம் பேசலாம். நமக்கு உரியதுதான்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

பேச்சின் நடுவே அக்கா ஒருவர் கேட்டார்: "போன வாரம் மழைன்னு செய்தி வந்துச்சு. எங்க தெருவுல ஒரு பொட்டு விழலையே?"

செய்தியில் "ஓரிரு இடங்களில்" என்று இருப்பதைக் கவனியுங்கள். இடிமேகம் நாலைந்து ஊர் அகலம்தான் இருக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பிறந்து, கொட்டி, கரைந்துவிடும். ஆலங்குளத்தில் கொட்டும்போது நம் ஊரில் வெயில் அடிக்கலாம். ரேடார் சொல்வது மதிப்பீடு. தரையில் உண்மையில் எவ்வளவு பெய்தது என்று மழைமானிதான் சொல்லும். மாவட்ட மழையளவுப் பட்டியலில் நம் வெம்பக்கோட்டை பெயரும் வருகிறதே, அது மழைமானிக் கணக்கு. பத்து முறை செய்தி வந்து எட்டு முறை நம் தெருவில் மழை இல்லாமல் போகலாம். மீதி இரண்டு முறைக்காகத்தான் எழுந்திருக்க வேண்டும்.

இன்னொருவர் கேட்டார்: "ரேடார் மின்னலையும் பார்க்குமா?"

ரேடார் பார்ப்பது மேகத்துக்குள் இருக்கும் துளியையும் பனிக்கட்டியையும். மின்னலைக் கேட்பதற்குத் தனிக் கருவிகள் நாடு முழுவதும் இருக்கின்றன. ரேடியோவில் கேட்கும் அந்தக் கரகரப்பைப் பல இடத்தில் பிடித்து, மின்னல் விழுந்த இடத்தைக் கணக்கிடுகிறார்கள். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்த "தாமினி" என்ற செயலி, நம்மைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். வானிலைத் துறையின் "மௌசம்" செயலியில் ரேடார் படமே பார்க்கலாம். தமிழக அரசின் "டிஎன் அலர்ட்" செயலி தமிழிலேயே இருக்கிறது. மூன்றும் இலவசம்.

"நாலு நாளைக்கு முன்னாடி சொல்றாங்களே, அதுவும் ரேடாரா?" என்றும் கேட்டார்கள். இல்லை. அதற்குத் துணைக்கோள் படமும் கணினிக் கணக்கும் வேண்டும். 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய இன்சாட்-3டிஎஸ் அந்த வேலைக்குத்தான். ரேடாரின் பலம் கடைசிச் சில மணி நேரம். நமக்கும் அந்த நேரம்தான் முக்கியம்.

செய்தி வாசலைத் தாண்ட வேண்டும்

சகோதரிகளே, யோசித்துப் பாருங்கள். எங்கேயோ இருக்கும் ரேடார் மேகத்தைப் பார்த்தது. அலுவலகத்தில் ஒருவர் அதைப் படித்துச் செய்தி அனுப்பினார். அத்தனை தூரத்தையும் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவந்த செய்தி, வாசலிலிருந்து அறைக்கு உள்ள இருநூறு அடியைத் தாண்டவில்லை. அந்த இருநூறு அடிக்கு ரேடார் கிடையாது. அதை நாம்தான் கடக்க வைக்க வேண்டும். அதற்காக இந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவுகள் இவை:

1. நம் உறுப்பினர்கள் வேலை பார்க்கும் ஒவ்வொரு ஆலையிலும், வாசலிலோ அலுவலகத்திலோ இருக்கும் ஒருவர் மதியத்துக்கு மேல் செல்போனில் எச்சரிக்கை வருகிறதா என்று பார்த்து, வந்தால் மணி அடிக்க வேண்டும் என்று கேட்போம். தனியாள் போய்க் கேட்காமல், ஐந்து பேராகச் சேர்ந்து மரியாதையாகக் கேட்போம். இடி மின்னல் நெருங்கும்போது மருந்து வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள பாதுகாப்பு முறைதான். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

2. மணி அடித்தால் "இந்தத் தட்டு மட்டும்" என்ற பேச்சு கிடையாது. ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுவோம். மருந்து உள்ள அறையையும் காயப்போட்ட மேடையையும் விட்டு விலகி, வாசல் பக்கத்துக் கான்கிரீட் கட்டடத்துக்குப் போவோம். மரத்தடியில் நிற்க மாட்டோம்.

3. மழையால் வேலை நின்று கூலி போன வாரத்தில், குழு நிதியிலிருந்து 500 ரூபாய் வரை வட்டியில்லா உள்கடன் தரப்படும். அடுத்த மாதம் திருப்பினால் போதும். கூலி போய்விடுமே என்ற பயத்தில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காக இது.

4. செல்போன் இல்லாத இடத்தில் கண்ணும் காதும்தான் ரேடார். மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆன பிறகு வெளியே வாருங்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கும் களையெடுப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

5. மின்னல் தாக்கியவர் உடம்பில் கரண்ட் தங்காது. தைரியமாகத் தொட்டுத் தூக்கலாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வெள்ளம், புயல் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த இரண்டு எண்ணையும் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

முதல் முடிவைப் பற்றி ஒரு செய்தி. நாங்கள் வேலை பார்க்கும் இடத்தில் கேட்டுவிட்டோம். முதலில் "பார்க்கலாம்" என்றார்கள். இரண்டாம் முறை ஒன்பது பேராகப் போனோம். இப்போது வாசல் அறையில் ஒரு மணி தொங்குகிறது. இந்தச் சித்திரையில் இரண்டு தடவை அடித்தார்கள். ஒரு தடவை நல்ல மழை. ஒரு தடவை வெறும் காற்றோடு போய்விட்டது. இரண்டு தடவையும் நாங்கள் எழுந்து வெளியே வந்தோம். காற்றோடு போன அன்றைக்குப் போர்மேன் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அப்படிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவதற்குத்தானே இவ்வளவும்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் ஆலையில் மணி தொங்குகிறதா என்று ஒவ்வொரு குழுவும் சொல்ல வேண்டும். தீர்மான நோட்டில் எழுதிவிட்டோம்.